சேலனா, சேலமா? ஒரு கைடோட 143 பேப்பரை எப்படிப் படிக்கிறது

#1 மாங்கனிநகர்

வணக்கம் மக்களே. நான் பி.காம்., லாரி புக்கிங் ஆபீஸ்ல கணக்கு எழுதுறவன். கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் பிளஸ் டூவோட உறவு முறிஞ்சுபோச்சு. இருந்தாலும் இங்க கேட்டாத்தான் ஆகும்.

தங்கச்சி எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சு ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை) வாங்கிட்டா. இப்ப வீட்ல பிஎச்.டி.க்கு கைடு பார்க்கிற படலம் ஓடுது. மாப்பிள்ளை பார்க்கிறதை விட இது கஷ்டம், அங்கயாவது தரகர் இருப்பார். நம்ம பக்கத்துல ஒரு பேராசிரியர் அவளைச் சேர்த்துக்கிறேன்னு சொல்லியிருக்கார். ஊர் பேர், ஆள் பேர் போடல, யாரும் தோண்ட வேணாம். அவரோட ஆய்வுப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து வந்தா. மேல "ஆர்கனோமெட்டாலிக் மற்றும் இன்ஆர்கானிக் கெமிஸ்ட்ரி"ன்னு போட்டிருக்கு. 26 வருஷத்துல 143 பேப்பர், எச்-இண்டெக்ஸ்னு ஒரு மேற்கோள் கணக்கு, அது 27.

அப்பா வெள்ளைக்கல்லு மைன்ஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வரி வரியாப் படிச்சவர், "பரவால்லம்மா, இந்த ஆளு நம்மூரு மாங்கனீசைப் பத்தியே பதினெட்டுக் கட்டுரை எழுதியிருக்காரே"ன்னார். பார்த்தா எல்லாத்துலயும் "சேலன் மாங்கனீஸ்". நானும் போன்ல தேடினேன். கூகுளும் "நீங்க தேடுறது சேலமா?"ன்னு கேட்குது.

143 நல்ல நம்பரா? அதுல எதைப் பார்க்கணும், எதைப் பார்க்கக் கூடாது? தங்கச்சி "நீ சும்மா இருண்ணா"ங்கிறா. அஞ்சு வருஷம் அவ அங்க கிடக்கணும், நான் எப்படிச் சும்மா இருக்கிறது?

#2 லேப்வாசி

அண்ணா, அது சேலம் இல்லீங்க, சேலன், ஒரு கெமிக்கல் பேர். சாலிசிலால்டிஹைடுல இருந்து "சால்" வருது. எத்திலீன்டையமீனை நாங்க சுருக்கி "என்"னு சொல்வோம். ரெண்டையும் ஒட்டினா சாலென், வாய்க்கு வாய் மாறி சேலன். அப்பாகிட்ட சொல்லிடுங்க.

நான் நாலாவது வருஷ ஸ்காலர். எங்க லேப்புக்கு யார் புதுசா வந்தாலும் முதல்ல செய்யச் சொல்றது இதைத்தான். ஆர்.பி. ஃபிளாஸ்க்ல (அடி உருண்டையான குடுவை) எத்தனால் எடுத்து, 2.44 கிராம் சாலிசிலால்டிஹைடைக் கரைச்சு லேசா சூடாக்கணும். கசப்பு பாதாம் வாசனை தூக்கும். அப்புறம் 0.60 கிராம் எத்திலீன்டையமீனைச் சொட்டுச் சொட்டா விடணும். விழுற இடத்துலயே மஞ்சள் பிடிச்சுக்கும். ஆறவிட்டா மஞ்சள் சரிகைத் தூள் மாதிரி மினுமினுன்னு செதில் செதிலா அடியில இறங்கும். ஒரு துளிகூட வீணாகலைன்னா கணக்குப்படி 2.68 கிராம் வரணும்.

இது ரெண்டு நைட்ரஜன், ரெண்டு ஆக்சிஜன்னு நாலு கையால ஒரு உலோகத்தைச் சுத்திப் பிடிச்சுக்கும். நிக்கல் உப்பைப் போட்டா செங்கல் கலந்த ஆரஞ்சு. செம்பு போட்டா கரும்பச்சை. மாங்கனீஸ் போட்டா வறுத்த காப்பிக்கொட்டை நிறம். துத்தநாகம் போட்டா வெளிர்மஞ்சள்தான், ஆனா யு.வி. விளக்குக்குக் கீழ வச்சா நீலமா ஒளிரும். ஒரே லிகாண்ட் (உலோகத்தைப் பிடிச்சுக்கிற மூலக்கூறு), உலோகத்தை மாத்த மாத்த வேற வேற பொருள். 143 பேப்பர் எப்படி வருதுன்னு இப்பப் புரியுதுங்களா? 😀

#3 செட்டுக்கடை

ஆர்கனோமெட்டாலிக்குன்னா எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, தட்டுவடை செட். மேல ஒரு தட்டுவடை, கீழ ஒரு தட்டுவடை, நடுவுல கேரட்டும் பீட்ரூட்டும். காலேஜ்ல ஃபெர்ரோசீன் நடத்தும்போது படத்தைப் பார்த்து "சார், இது நம்ம செவ்வாய்ப்பேட்டை ஐட்டம்"னு கத்தி வெளிய நின்னவன் நான்.

#4 பழைய வாத்தியார்

செட்டுக்கடை, உங்களை வெளியில் நிறுத்தியது தப்பு. அதைவிட நல்ல உவமை எனக்கு முப்பது வருட வகுப்பில் கிடைக்கவில்லை. ஐந்து கார்பன் கொண்ட வளையம் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒரு இரும்பு அணு. உலகமே அதை சாண்ட்விச் என்கிறது. சேலத்துக்காரன் தட்டுவடை செட் என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

கல்லூரியில் கனிம வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஏற்காட்டில் கொஞ்சம் காப்பிச் செடியோடு காலம் போகிறது. தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் அந்தத் தலைப்பைப் பிரித்துப் பாருங்கள். ஆர்கனோமெட்டாலிக் என்று சொல்ல வேண்டுமானால் உலோகத்துக்கும் கார்பனுக்கும் நேரடிப் பிணைப்பு இருக்க வேண்டும். சேலனில் உலோகத்தைப் பிடித்திருப்பது நைட்ரஜனும் ஆக்சிஜனும். கார்பன் பக்கத்து வீட்டில் இருக்கிறது, கை கொடுக்கவில்லை. ஆகவே சேலன் காம்ப்ளெக்ஸ் என்பது அணைவுச் சேர்மம், கோஆர்டினேஷன் கெமிஸ்ட்ரி. அது குறைவான வேலை என்று அர்த்தமில்லை, வேறு வேலை. ஆர்கனோமெட்டாலிக் கற்றுக்கொள்ளப் போகும் பெண் அஞ்சு வருடம் சேலன் மட்டும் செய்து திரும்பினால் பலகையும் சரக்கும் ஒன்றில்லை என்று ஆகிவிடும். தங்கையை உட்கார வைத்து 143-ஐயும் இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: உலோகம்–கார்பன் பிணைப்பு உள்ளவை, இல்லாதவை. ஒரு மாலை வேலை.

அப்பா வெள்ளைக்கல் சுரங்கத்தில் இருந்தவர் என்றீர்கள். அவருக்கு ஒரு சேதி. வெள்ளைக்கல் என்பது மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். நம் ஊர்க் கல் பெரும்பாலும் உலைச் செங்கல்லுக்குப் போனது. ஆனால் அதே மக்னீசியம் உலோகமாகச் சீவல் சீவலாக வந்தால் அதுதான் கிரினார்டு வினைக்குச் சரக்கு. பிரான்சில் லியோன் நகரத்தில் பார்பியே என்ற பேராசிரியர் துத்தநாகத்துக்குப் பதில் மக்னீசியத்தைப் போட்டுப் பார்த்தார். வேலை செய்தது, ஆனால் ஒருநாள் போல ஒருநாள் இல்லை. மாணவர் விக்டர் கிரினார்டிடம் தள்ளிவிட்டார். அவர் உலர்ந்த ஈதரில் மக்னீசியத்தையும் ஹாலைடையும் மட்டும் முதலில் வினைபுரியவிட்டு, பிறகு மற்றதைச் சேர்த்தார். 1900-ல் கட்டுரை, 1912-ல் நோபல். அரை நூற்றாண்டு கழித்து 1951-ல், கீலியும் பாசனும் சைக்ளோபென்டடையீனைலின் கிரினார்டை இரும்பு குளோரைடோடு சேர்த்தார்கள். அவர்களுக்கு வேண்டியது ஃபுல்வலீன் என்ற ஹைட்ரோகார்பன். வந்தது ஆரஞ்சு நிறத்தில் இரும்பு உள்ள ஏதோ ஒன்று. அதுதான் செட்டுக்கடையின் தட்டுவடை செட்.

நடுவில் ஒரு கதை. சேலத்தில் ஏப்ரல் மாதம் கிரினார்டு போட்டிருக்கிறீர்களா? ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. எங்கள் ஆய்வகத்தில் அதைவிடச் சூடு. ஒரு பையன் ஓடி வந்து "சார், ஸ்டார்ட் ஆயிடுச்சு, கொதிக்குது" என்றான். போய்ப் பார்த்தால் மக்னீசியம் பளபளவென்று அப்படியே கிடக்கிறது, போட்ட அயோடின் துணுக்கின் பழுப்பும் போகவில்லை. கொதித்தது வெறும் ஈதர், அடித்தது வெயில். பழுப்பு நிறம் மறைந்து கலங்கினால்தான் வினை தொடங்கியதாக அர்த்தம். அன்றிலிருந்து ஐஸ் தொட்டி இல்லாமல் ஈதர் பாட்டிலைத் திறக்கவிட்டதில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: பட்டியலும் அப்படித்தான். கொதிப்பது தெரியும். வினையா வெயிலா என்பது கிட்டப் போனால்தான் தெரியும்.

#5 கொலுசுப்பட்டறை

வாத்தியாரய்யா சொல்றது நல்லாருக்குங்க. நமக்கு வெள்ளி வேலை. பழைய வெள்ளியை நைட்ரிக் ஆசிட்ல கரைப்போம், செம்பழுப்புப் புகை வரும், அப்புறம் செம்புத் தகட்டை உள்ள தொங்கவிட்டா வெள்ளி சாம்பல் நிறத்துல பஞ்சு பஞ்சா வந்து ஒட்டும், தண்ணி நீலமாயிடும். இதுவும் கெமிஸ்ட்ரிதானுங்களே? ஆனா கடைசியில கையில வெள்ளி இருக்கும்.

143 பேப்பர்ல எத்தனை பொருளுங்க கடைக்கு வந்துச்சு? குத்தமாக் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான்.

#6 எதிர்க்கட்சி

பட்டறைக்காரர் கேட்டாரு பாருங்க, அதான் கேள்வி. விடை: பூஜ்யம்.

மூணு வருஷம் இதுல கிடந்துட்டு பாதியில வெளிய வந்தவன் நான், அதனால உள்குத்து தெரியும். ஃபார்முலா இதுதான். ஒரு ஆல்டிஹைடு, ஒரு அமீன், கலந்தா ஷிஃப் பேஸ், சேலனும் அதுல ஒண்ணுதான். நாலு உலோகம், நாலு காம்ப்ளெக்ஸ். அப்புறம் டி.என்.ஏ. பிணைப்பு, பி.எஸ்.ஏ.ங்கிற மாட்டு ரத்தப் புரதத்தோட பிணைப்பு, ரெண்டு பாக்டீரியா, ரெண்டு பூஞ்சை, புற்றுநோய் செல்லு சாகுதான்னு பார்க்க ஒரு எம்.டி.டி. டெஸ்ட், புரதத்துல எப்படிப் பொருந்தும்னு கம்ப்யூட்டர்ல டாக்கிங். "இது நம்பிக்கை தரும் புற்றுநோய் மருந்தாகலாம்"னு ஒரு கடைசி வரி. ஆல்டிஹைடுல ஒரு குளோரினை ஏத்தி அடுத்த பேப்பர். அதைப் புரோமின் ஆக்கினா அதுக்கு அடுத்தது.

கரையாத காம்ப்ளெக்ஸ் எல்லாத்தையும் டி.எம்.எஸ்.ஓ.ங்கிற கரைப்பான்ல கரைச்சுத்தான் செல்லுல விடுவோம். சிஸ்பிளாட்டின்ங்கிற புற்றுநோய் மருந்தையே டி.எம்.எஸ்.ஓ.ல போட்டா குளோரைடை நகர்த்திட்டு டி.எம்.எஸ்.ஓ. போய் உக்காந்துக்கும், மருந்தோட வேலையே குறைஞ்சிடும். அப்ப நாம செஞ்ச காம்ப்ளெக்ஸ் கரைஞ்ச பிறகு அதே காம்ப்ளெக்ஸா இருந்துச்சா? யாரும் பார்க்கல. நானும்தான் பார்க்கல.

என் சிந்தசிஸ், என் கிரிஸ்டல். பேப்பர் வந்தப்ப முதல் பேர் வேற ஆளுது. கேட்டதுக்கு "அடுத்ததுல பார்த்துக்கலாம்"னு பதில். அந்த அடுத்தது வரவே இல்ல. தம்பி, 143-ல எத்தனை முதல் பேர் மாணவன் பேருன்னு பாருங்க.

#7 லேப்வாசி

எதிர்க்கட்சி அண்ணே, நீங்க பட்டது நிஜம். அதுக்காக எல்லாரையும் ஒரே சட்டியில போட்டு வறுக்காதீங்க.

ஏன் எல்லாரும் ஷிஃப் பேஸ் செய்யிறாங்க? ஹாட் பிளேட்டும் எத்தனாலும் இருந்தாப் போதும், காத்து பட்டாலும் கெடாது. நிஜமான ஆர்கனோமெட்டாலிக்குக்கு நைட்ரஜன் லைன் வேணும், காத்து படாம வேலை செய்ய ஷ்லெங்க் குடுவை வேணும், சால்வெண்ட்டை சோடியம் போட்டு உலர்த்தணும். கரண்ட் போய் வந்தா வேக்குவம் பம்ப் எண்ணெயைப் பின்னால இழுத்துக்கும், ரெண்டு வாரம் அம்பேல். ருத்தேனியம் ட்ரைகுளோரைடு ஒரு கிராம் பாட்டில் வந்தா கைடு பீரோவுல வச்சுப் பூட்டுறார், நகை மாதிரி. எடை போடும்போது பக்கத்துலயே நிக்கிறார். மூலக்கூறு அமைப்பைப் பார்க்கிற என்.எம்.ஆர்.க்கு சாம்பிள் வெளியூர் போகணும், எக்ஸ்ரே போட்டு எடுக்கிற கிரிஸ்டல் டேட்டாவுக்கும் வெளியூர்.

என் முதல் நல்ல கிரிஸ்டல் எப்படி வந்துச்சு தெரியுமா? டைகுளோரோமீத்தேனும் எத்தனாலும் கலந்து சின்ன வயல்ல (கண்ணாடிக் குப்பி) ஊத்தி, பாராஃபில்ம் ஒட்டி ஊசியால நாலு ஓட்டை போட்டு, யாரும் கதவைச் சாத்தாத ஒரு அலமாரியில வச்சேன். தினம் போய்ப் பார்த்தா வராதுன்னு சீனியர் மிரட்டியிருந்தாங்க. பதினோராம் நாள் டார்ச் அடிச்சா சுவர்ல சிவப்பா அஞ்சாறு கட்டி, ஒவ்வொண்ணும் கல்லுப்பு அளவு. அன்னிக்கு வீட்டுக்குப் போன் போட்டு அம்மாகிட்ட சொன்னேன். "எதுக்குடா அழுற?"ன்னாங்க. பேப்பர்ல அது ஒரே ஒரு வரி.

#8 பழைய வாத்தியார்

பட்டறை நண்பருக்கு முதலில்.

கடைக்கு வந்த கதை ஒன்று. ஜெஃப்ரி வில்கின்சன் ஃபெர்ரோசீனின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். ஹார்வர்டு அவருக்கு நிரந்தர இடம் தரவில்லை, லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். அங்கே அறுபதுகளில் ரோடியத்தோடு மூன்று ட்ரைஃபீனைல்ஃபாஸ்பீன் சேர்ந்த ஒரு சேர்மம். சாதாரண அறைச் சூட்டில், சாதாரணக் காற்றழுத்த அளவு ஹைட்ரஜனிலேயே இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனை ஏற்றியது. அது கடைக்கு வரவில்லை. ஆனால் வில்லியம் நோல்ஸ் என்பவர் அந்த ஃபாஸ்பீனை எடுத்துவிட்டு இடக்கை வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான மூலக்கூறுகளின் பேதம் தெரிந்த வேறு ஃபாஸ்பீனைப் போட்டார். அதிலிருந்து பார்கின்சன் நோய்க்கான எல்-டோபாவைத் தொழிற்சாலையில் செய்ய வழி பிறந்தது. வில்கின்சனுக்கு 1973-ல் நோபல், நோல்ஸுக்கு 2001-ல். ஒருவர் செய்த பொருள், இன்னொருவர் கையில், வேறு கம்பெனியில், பல வருடம் கழித்துக் கடைக்கு வருகிறது. முதல் ஆளின் பட்டியலில் அது ஒரு வரி.

இன்னொன்று உங்களுக்குக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடியது. ஏற்காட்டில் காப்பி இலைத்துருவுக்குப் போர்டோக் கலவை அடிக்கிறோம். மயில்துத்தம் என்ற செம்பு உப்பும் சுண்ணாம்பும். 100 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ துத்தம், அரை கிலோ சுண்ணாம்பு என்று அரை சதவீதக் கலவை. கலந்த பிறகு ஒரு இரும்புக் கத்தியை முக்கி எடுப்போம். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் செம்பு இன்னும் சும்மா அலைகிறது, இலை கருகும், சுண்ணாம்பு போதவில்லை. உங்கள் பட்டறையில் செம்புத் தகட்டில் வெள்ளி ஏறுகிறது, என் கத்தியில் செம்பு ஏறுகிறது. ஒரே சங்கதிதான். இதையும் 1880-களில் பிரான்சில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் கண்டார். வழியோரத் திராட்சையை யாரும் திருடக் கூடாது என்று அடித்து வைத்த நீலப்பூச்சு, பூஞ்சையை நிறுத்தியதைப் பார்த்து.

எதிர்க்கட்சிக்கு: பூஜ்யம் என்பது கொஞ்சம் அவசரம். சேலனையே எடுங்கள். 1933-ல் ஜெர்மனியில் ஃபைஃபரின் குழு இந்தக் காம்ப்ளெக்ஸ்களைச் செய்தது, அந்தக் குழுவில் சுமாகி என்ற ஜப்பானியர் இருந்தார். கோபால்ட் சேலன் காற்றில் வைத்தால் கறுத்துப் போகிறது. பலர் "கெட்டுவிட்டது" என்று கொட்டியிருப்பார்கள். சுமாகி 1938-ல், அது காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடிக்கிறது, சூடு காட்டினால் திருப்பி விடுகிறது என்று காட்டினார். நம் ரத்தம் செய்கிற வேலை, ஒரு பாட்டிலுக்குள். பிறகு 1990-ல் ஜேக்கப்சனும் கட்சுகியும் தனித்தனியாக, மாங்கனீஸ் சேலனில் இடக்கை வலக்கை பேதத்தை ஏற்றி எபாக்சைடு என்ற சேர்மங்களைச் செய்யும் வினையூக்கியாக்கினார்கள். பொருள் அதேதான். கேட்ட கேள்வி வேறு.

எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. வில்கின்சனின் மாணவர் ஆல்பர்ட் காட்டன். இரண்டு ரீனியம் அணுக்களுக்கு இடையில் நான்மடிப் பிணைப்பு இருக்கிறது என்று 1964-ல் காட்டியவர், 1600-க்கு மேல் கட்டுரை. நோபல் இல்லை. அதை வைத்து அவரைக் குறைத்துச் சொல்பவன் கனிம வேதியியல் படித்தவனாக இருக்க மாட்டான். எண்ணிக்கை அதிகம் என்பதாலேயே சந்தேகப்படவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம்.

#9 எதிர்க்கட்சி

காட்டனை எல்லாம் இழுத்தா நான் என்ன பண்றது சார்? 😄 சரி, பூஜ்யத்தை வாபஸ் வாங்குறேன். ஆனா ஒண்ணு. கிரிஸ்டல் இருந்தா உண்மைன்னு நம்பிடாதீங்க. 2010 ஜனவரியில அக்டா கிரிஸ்டலோகிராஃபிக்கா ஈ இதழ் குறைஞ்சது 70 கட்டமைப்புகள் போலின்னு அறிவிச்சுது. நிஜமான ஒரு டேட்டாவை எடுத்து, நடுவுல இருக்கிற உலோகத்தோட பேரை மட்டும் மாத்தி புதுப் பொருள்னு போட்டிருந்தாங்க. அணுக்களோட ஆட்டம் கணக்குக்கு ஒத்து வரல, மாட்டிக்கிட்டாங்க. இரும்பு இருந்த இடத்துல செம்புன்னு எழுதினா பேப்பர் ஏத்துக்கும், எக்ஸ்ரே ஏத்துக்காது.

#10 லேப்வாசி

அதுக்குத்தான் ஒரு வழி இருக்கு. மாங்கனிநகர் அண்ணா, தங்கச்சிகிட்ட சொல்லுங்க: கிரிஸ்டல் உள்ள பேப்பர்ல சி.சி.டி.சி. நம்பர் ஒண்ணு இருக்கும். கேம்பிரிட்ஜ்ல இருக்கிற படிகத் தரவு மையம், 1965-ல இருந்து இயங்குது. அந்த நம்பரைப் போட்டா ஃபைல் இலவசமா இறங்கும். நாலஞ்சு எடுத்து அவங்களே திறந்து பார்க்கட்டும்.

இன்னொண்ணு. பட்டியல்ல "அரை சாண்ட்விச் அரீன் ருத்தேனியம்"னு ஏதாவது இருக்கா? இருந்தா அது நிஜ ஆர்கனோமெட்டாலிக். தட்டுவடை செட்ல ஒரு தட்டுவடையை எடுத்துட்டு, அந்தப் பக்கம் குளோரினும் லிகாண்டும் வச்ச மாதிரி. ஆரம்பச் சரக்கை ருத்தேனியம் ட்ரைகுளோரைடும் ஃபெலான்ட்ரீனும் எத்தனால்ல ரீஃப்ளக்ஸ் பண்ணி (ஆவி வெளிய போகாம கொதிக்கவிட்டு) எடுப்போம், சிவப்புப் பழுப்புக் கிரிஸ்டலா வரும். பென்னட்டும் ஸ்மித்தும் 1974-ல சொன்ன வழி, இன்னிக்கும் அதேதான். ஃபெலான்ட்ரீன் சில யூகலிப்டஸ் எண்ணெய்ல இருக்கிறது. செய்யிற அன்னிக்கு லேப் முழுக்க தைலம் மணக்கும், ஜலதோஷம் பிடிச்சவன் தேடி வருவான்.

#11 மாங்கனிநகர்

ஐயா, அண்ணன்மாரே, வேலை முடிஞ்சுது. நேத்து ராத்திரி நானும் தங்கச்சியும் டைனிங் டேபிள்ல பிரிண்ட்டைப் பரப்பி மூணு கலர் பேனாவோட உக்காந்தோம். அப்பா பக்கத்துல. லேஜர் ஒட்டுற மாதிரியே இருந்துச்சு, அதனால எனக்கு வசதி.

143-ல உலோகம்–கார்பன் பிணைப்பு உள்ளது 31. அணைவுச் சேர்மம் மட்டும் 98. மீதி 14 ரிவ்யூ, கம்ப்யூட்டர் கணக்கு, அப்படி இப்படி. அந்த 31-ல 22 கடைசி ஒன்பது வருஷத்துல வந்தது. அதாவது ஆள் மெதுவா இந்தப் பக்கம் வந்திருக்கார். அந்த லேப்வாசி சொன்ன அரை சாண்ட்விச்தான் அதுல பெரும்பாலும்.

முதல் பேர் கணக்கும் போட்டோம். 31-ல 29 மாணவர் பேர். எதிர்க்கட்சி அண்ணே, நீங்க சொன்னதைக் கேட்டதும் தங்கச்சி முதல்ல பார்த்தது அதைத்தான்.

அந்த "நம்பிக்கை தரும் புற்றுநோய் மருந்து" வரி? 40 இடத்துல இருக்கு. 😐

அப்பா ஒண்ணு கேட்டார். "100 கிலோ வெள்ளைக்கல்லைச் சூளையில சுட்டா 48 கிலோதான் மிஞ்சும், மீதி காத்தாப் போயிடும். இந்த 143-ஐச் சுட்டா எத்தனை மிஞ்சும்?" தங்கச்சிக்குப் பதில் தெரியல. உங்களுக்குத் தெரியுமா ஐயா?

#12 பழைய வாத்தியார்

உங்கள் அப்பாவை எங்கள் துறையின் தேர்வுக் குழுவில் போட்டிருக்க வேண்டும்.

யாராலும் நம்பராகச் சொல்ல முடியாது. ஆனால் சூளை எது என்று சொல்கிறேன். வேறு ஊரில், அவரைத் தெரியாத ஒருவர், அந்தச் செய்முறையைப் பார்த்து அதே பொருளைச் செய்தாரா? எச்-இண்டெக்ஸ் அதைச் சொல்லாது. 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்த அளவு அது. 27 என்றால் 27 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 27 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். நூறு பேர் முன்னுரையில் வரிசையாக அடுக்கும் பத்தில் ஒன்றாக மேற்கோள் காட்டியிருக்கலாம். தங்கை அந்த 31-ல் அதிகம் மேற்கோள் பெற்ற மூன்றை எடுத்து, மேற்கோள் காட்டிய கட்டுரையில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்க்கட்டும். செய்முறைப் பகுதியில் "இன்னார் சொன்ன முறைப்படி செய்தோம்" என்று வந்தால் அது சூளையில் மிஞ்சிய கல். முன்னுரையில் வந்தால் பெரும்பாலும் காற்று.

#13 ஃபைல்கட்டு

நடுவுல விதிமுறை பேசுறேன், மன்னிக்கணும். ஆபீஸ் ஆளுக்கு அதுதான் வரும்.

1. 2022 நவம்பர்ல வந்த யு.ஜி.சி. விதிப்படி, ரிட்டயர்மெண்டுக்கு மூணு வருஷத்துக்குக் கீழ இருந்தா புது ஸ்காலரைச் சேர்க்க முடியாது. அவருக்கு எத்தனை வருஷம் பாக்கி?

2. பேராசிரியர்னா ஒரே நேரத்துல 8 பேர், அசோசியேட் 6, அசிஸ்டெண்ட் 4. இடம் காலியா இருக்கான்னு எழுத்துல வாங்குங்க, வாய்ல வேணாம்.

3. தீசிஸ் கொடுக்க பேப்பர் கட்டாயம்ங்கிறதை அந்த விதி எடுத்துடுச்சு. ஆனா பல்கலைக்கழகம் தன் பங்குக்கு வச்சிருக்கலாம், கேட்டுக்குங்க.

4. ஜே.ஆர்.எஃப். மாசம் 37,000. நேரத்துக்கு வரும்னு நம்பி பைக் டியூ போடாதீங்க.

#14 மாங்கனிநகர்

ஃபைல்கட்டு சார், ரிட்டயருக்கு நாலு வருஷம் இருக்கு. சேரலாம், ஆனா நடுவுல அவர் போயிடுவார். இதை நாங்க யோசிக்கவே இல்ல. ரொம்ப நன்றி.

#15 எதிர்க்கட்சி

இது சின்ன விஷயமில்ல தம்பி. கோ-கைடு யாருன்னு இப்பவே கேளுங்க. கைடு ரிட்டயர் ஆனதும் லேப் சாவி யார் கையில போகுதோ அவங்கதான் உங்க தங்கச்சியோட நிஜ கைடு.

#16 மாங்கனிநகர்

போயிட்டு வந்தோம். சனிக்கிழமை, தங்கச்சியும் நானும். அப்பாவும் வந்தே தீருவேன்னு வந்துட்டார்.

ஆள் எளிமைதான். தங்கச்சி நேராவே கேட்டுட்டா: "சார், 143-ல 31-தான் ஆர்கனோமெட்டாலிக்கா?" எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அவர் சிரிச்சுட்டு, "எண்ணினியா? நான் 33-னு நினைச்சிட்டிருந்தேன்"னார். அந்தப் புற்றுநோய் வரியைப் பத்தியும் கேட்டா. கொஞ்ச நேரம் பேசல. "பேப்பரைச் சரிபார்க்கிற ரெஃப்ரீ கேட்பாங்க, எழுதிடுவோம்மா"ன்னு மட்டும் சொன்னார். மழுப்பாம சொன்னது எனக்குப் பிடிச்சுது, தங்கச்சிக்கு அவ்வளவாப் பிடிக்கல.

அப்புறம் ஒரு மரப் பீரோவைத் திறந்து காட்டினார். உள்ள வரிசையா சின்னச் சின்ன வயல், ஒவ்வொண்ணுலயும் செய்த மாணவர் இனிஷியல், தேதி, நோட்டுப்புத்தகப் பக்க நம்பர். பதினஞ்சு வருஷம் பழசு கூட இருந்துச்சு. "பேப்பர் தொலைஞ்சாலும் பொருள் இருக்கும்"னார். அப்பா ஒவ்வொண்ணாத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தார், கல்லு தரம் பார்க்கிற மாதிரியே.

கோ-கைடு பத்திக் கேட்டோம். அதே துறையில ஒரு மேடம், நைட்ரஜன் லைன் அவங்க லேப்லதான் இருக்கு. அவங்களைப் பார்க்க அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம்தான் முடிவுன்னு தங்கச்சி சொல்லிட்டா.

கிளம்பும்போது அங்க இருந்த ஒரு ஸ்காலர் பொண்ணு, "சும்மா செஞ்சு பாருங்க"ன்னு தங்கச்சியை சேலன் போடவிட்டுச்சு. லேப்வாசி அண்ணா எழுதின அதே கணக்கு. மஞ்சள் வந்தப்ப அப்பா "அட"ன்னார். வடிகட்டி உலர்த்தி எடை போட்டா 2.41 கிராம். தொண்ணூறு சதவீதமாம், நல்ல யீல்டுன்னாங்க. அப்பா இன்னும் அதைச் சேலம்னுதான் சொல்றார்.

#17 கொலுசுப்பட்டறை

பாப்பாவுக்கு வாழ்த்துங்க. ஒரு சந்தேகம். 2.68 வரவேண்டியது 2.41. மீதி கால் கிராம் சேதாரமா, செய்கூலியா?

#18 லேப்வாசி

ரெண்டும் இல்லீங்க. வடிகட்டின எத்தனால்ல கொஞ்சம் கரைஞ்சு நிக்கும், ஃபில்டர் பேப்பர்ல கொஞ்சம் ஒட்டிக்கும். தண்ணியை நாங்க வேஸ்ட் கேன்ல ஊத்திடுவோம்.

#19 கொலுசுப்பட்டறை

ஊத்திடுவீங்களா?! எங்க பட்டறையில கை கழுவின தண்ணியக் கூட விட மாட்டோம், தரையைக் கூட்டின மண்ணையும் மூட்டை கட்டி வச்சிருக்கோம். அந்தக் கேனை எங்கிட்ட அனுப்புங்க தம்பி.